எம்.ஜி.ஆர். இரு முறை இழந்த பேச்சு

மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே இரண்டு தேர்தல்களில் வென்றவர் எம்.ஜி.ஆர். இரண்டு முறையும் அவரது பேச்சு பாதிக்கப்பட்டிருந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல!

முதலாவது 1967 ஜனவரி 12. நடிகர் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு அவரது கழுத்தில் பாய்ந்தது. காயம் கழுத்தில்தான், மூளையில் அல்ல. குரல் பழையபடி அமையவில்லை. ஆனாலும் அடுத்த மாதமே பரங்கிமலையில் வென்றார். பல ஆண்டுகள் நடித்தார், 1977-ல் முதலமைச்சரும் ஆனார்.

இரண்டாவது 1984 அக்டோபர். சிறுநீரகக் கோளாறுக்காகச் சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்தது. தென்காசி, குற்றாலம் பக்கத்துப் பெரியவர்கள் பாரிசவாயு என்பார்களே, அதேதான். நவம்பரில் நியூயார்க் கொண்டு செல்லப்பட்டார். டிசம்பரில் அங்கே மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அதே மாதம் நடந்த தேர்தலில் ஆண்டிப்பட்டியில் வென்றார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்தபோதும் பேச்சு தெளிவாகவில்லை. இம்முறை அடி விழுந்தது மூளையில்.

மூளை பாதிப்பால் பேச்சு கெடுவதிலும் வகைகள் உண்டு. 1861-ல் பாரிஸ் மருத்துவர் புரோக்கா ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மற்றவர் சொல்வது அவருக்குப் புரியும். ஆனால் வாயில் வருவது "டான்" என்ற ஒரே ஓசைதான். 1874-ல் ஜெர்மானியரான வெர்னிக்கே இதற்கு நேர்மாறானதை விளக்கினார். பேச்சு சரளமாக வரும், பொருள் இருக்காது. பிறர் சொல்வதும் சரியாகப் புரியாது. மூன்றாவது வகையில் மொழி முழுதாக இருக்கும். நாக்கும் உதடும் தளர்ந்து வாய் குழறும்.

எந்த வகை என்று அறிய மருத்துவர்கள் எளிய சோதனைகளைச் செய்கிறார்கள். சாவியைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். கண்ணை மூடச் சொல்வார்கள். ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள்.

பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது என்று நினைப்பது பெரிய தவறு. பேச முடியாதவர் எப்படி ஆள்வார் என்ற கேள்வி 1984-லும் எழுந்தது. அதன் பிறகு 1987 டிசம்பர் 24-ல் இறக்கும் வரை அவரே முதலமைச்சர். சாதாரண வீடுகளில்தான் பாவம், வாய் குழறும் தாத்தாவிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

1984-ல் இல்லாத ஒன்று இன்று இருக்கிறது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதத்துக்குப் பயன்படுத்த 1996-ல் அமெரிக்கா அனுமதித்தது. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் உறுதியான பிறகே போடுவார்கள்.

தென்காசியிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 55 கிலோமீட்டர். எனவே வீட்டிலேயே கண்டுபிடிப்பது முக்கியம். சிரிக்கச் சொல்ல வேண்டும், வாய் கோணுகிறதா? இரு கைகளையும் தூக்கச் சொல்ல வேண்டும், ஒன்று கீழே இறங்குகிறதா? "குற்றாலத்தில் சாரல் விழுது" என்று சொல்லச் சொல்ல வேண்டும், குழறுகிறதா? ஒன்று தவறினாலும் உடனே 108. முதலில் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்பது, விடியட்டும் என்று காத்திருப்பது எல்லாம் நேர விரயம். வாயில் எதையும் ஊற்றவும் கூடாது, விழுங்க முடியாமல் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.