மணலில் வரைந்த வழி



நம் குடும்பங்களிலிருந்து கணினி வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் வாழும் ஊர், கலிபோர்னியாவின் சன்னிவேல். இன்று அலுவலகக் கட்டடங்கள் நிற்கும் அந்த மண், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயக் குடும்பத்தின் கோதுமை வயலாக இருந்தது. மாட்டுவண்டி கட்டி மேற்கு நோக்கிப் போன அந்த மர்பி குடும்பத்தின் கதையை இன்று நாம் கேட்போம்.

மூத்த மார்ட்டின் மர்பி 1785-ல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு பகுதியில் பிறந்த கத்தோலிக்கர். அந்நாளில் அயர்லாந்தில் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரக்கூட முடியாது. 1820-ல் அவர் கனடாவின் கியூபெக்குக்குக் குடிபெயர்ந்து, காடு திருத்திப் பயிர் செய்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் குடும்பம் அமெரிக்காவின் மிசௌரிக்கு நகர்ந்தது. அங்கே மண் செழிப்பானது. ஆனால் மலேரியா காய்ச்சல் வீட்டுக்குள் புகுந்தது. மர்பி தம் மனைவியையும் ஒரு பேத்தியையும் அந்த மண்ணில் அடக்கம் செய்தார். பக்கத்தில் ஆலயமும் இல்லை, பள்ளியும் இல்லை. அப்போது ஓர் இயேசு சபைக் குரு, மெக்சிகோவின் ஆட்சியில் இருந்த கலிபோர்னியாவைப் பற்றிச் சொன்னார். நல்ல காற்று, நல்ல நிலம், கத்தோலிக்க நாடு.

1844-ன் வசந்த காலத்தில், அறுபதை நெருங்கிய வயதில், மர்பி பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் புறப்பட்டார். எலிஷா ஸ்டீபன்ஸ் என்பவரின் தலைமையில் 11 வண்டிகள், ஏறக்குறைய 50 பேர். அதுவரை எந்த வண்டியும் சியரா நெவாடா மலையைக் கடந்ததில்லை.

இன்றைய நெவாடாவின் பாலைநிலத்தில் அவர்களுக்கு வழி தெரியாமல் போயிற்று. அங்கே பாயூட் பழங்குடி முதியவர் ஒருவரைச் சந்தித்தார்கள். இவர் மொழி அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மொழி இவருக்குத் தெரியாது. முதியவர் கைச்சாடையாலும் மணலில் கோடு வரைந்தும், மேற்கே மலையிலிருந்து ஓர் ஆறு இறங்கி வருவதைக் காட்டினார். சிலர் முன்னே போய்ப் பார்த்தார்கள். அவர் சொன்னது உண்மை. அந்த ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் டிரக்கி. பாயூட் தலைவர் டிரக்கியே அந்த முதியவர் என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

நவம்பரில் மலை ஏரியை அடைந்தபோது பனி கொட்டியது. ஆறு வண்டிகளை அங்கேயே விட்டார்கள். மீதி ஐந்தின் சாமான்களை இறக்கிக் கையில் சுமந்தார்கள். பாறை இடுக்கு வழியே எருதுகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றி, சங்கிலி கட்டி வண்டிகளை இழுத்தார்கள். மலையைக் கடந்தபின் யூபா ஆற்றோரப் பனியில், இளைய மார்ட்டினின் மனைவி மேரி ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார். அதற்கு எலிசபெத் யூபா என்று பெயரிட்டார்கள். ஆண்கள் பலர் உதவி தேடிக் கீழே இறங்க, பெண்களும் குழந்தைகளும் மரக்குடிலில் எருது இறைச்சியையும், அது தீர்ந்தபின் தோலையும் உண்டு பிழைத்தார்கள். 1845-ன் தொடக்கத்தில் எல்லாரும் உயிரோடு கரைசேர்ந்தார்கள். வழியில் பிறந்த இரு குழந்தைகளால் எண்ணிக்கை கூடியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே மலையடியில் பனியில் சிக்கிய டோனர் குழுவில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் மாண்டார்கள்.

பின்னர் இளைய மார்ட்டின் சன்னிவேல் பகுதியில் ஏறக்குறைய 5,000 ஏக்கர் வாங்கிக் கோதுமை விளைவித்தார். சாந்தா கிளாரா கல்லூரிக்கும் நோத்ரு தாம் அருள்சகோதரியரின் பள்ளிக்கும் துணை நின்றார். மூத்தவர் தம் பண்ணையில் சிற்றாலயம் கட்டினார். அவரது பாதுகாவலரான புனித மார்ட்டினின் பெயரை அவ்வூர் இன்றும் தாங்குகிறது.

இத்தோடு கதையை நிறுத்தினால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் நிறுத்தக் கூடாது. அந்த வழியே பின்னால் வந்தவர்கள் ஆயிரமாயிரம். பாயூட் மக்களின் மேய்ச்சல் நிலமும், அவர்கள் உணவாகக் கொண்ட பைன் மரங்களும் பறிபோயின. 1860-ல் போர் மூண்டது. அதே ஆண்டில் டிரக்கி இறந்தார். அவருடைய பேத்தி சாரா வின்னமக்கா 1883-ல் தம் மக்களின் துயரங்களை ஒரு நூலாகவே எழுதினார். வரவேற்ற தாத்தா, இழந்ததை எழுதிய பேத்தி. இரண்டும் ஒரே குடும்பத்தின் கதை.

மர்பி குடும்பத்தின் உழைப்பும் துணிவும் பெரியவை. மனைவியைப் புதைத்த கையோடு மறுபடி வண்டி பூட்டிய அந்த முதியவரின் நம்பிக்கையை நாம் வணங்குகிறோம். ஆனால் பனிமலையில் அந்தக் குழந்தை பிழைத்ததற்கு, மணலில் கோடு வரைந்த வேற்றினத்து முதியவரும் ஒரு காரணம். அவர் பெயரை ஆற்றுக்கு வைத்தார்கள். அவர் பேரப்பிள்ளைகளுக்கோ அந்த ஆற்றோரத்தில் இடம் சுருங்கிப் போயிற்று.

அன்பானவர்களே, நாம் வாழும் வீட்டுக்கும், நம் பிள்ளைகள் பெற்ற வேலைக்கும் பின்னால் வழிகாட்டிய ஒருவர் இருப்பார். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. அவர் பிள்ளைகள் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று தேடிப் போய்ப் பார்ப்பதே நன்றி. இந்த வாரம் அப்படி ஒரு வீட்டின் கதவையாவது நாம் தட்டுவோம்.