வில்வண்டி முதல் ஸ்கூட்டர் சீட் வரை - ஒரு குறுக்கு வரலாறு

குற்றாலத்துல சாரல் விழ ஆரம்பிச்சா போதும், ஸ்கூட்டர்ல கிளம்பி வர்ற கூட்டத்துக்குக் குறைச்சலே கிடையாது. திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியா தென்காசி ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மதுரைக்காரங்களுக்கு ராஜபாளையம், கடையநல்லூர் வழியா நூற்றைம்பதைத் தாண்டிரும். வந்து இறங்குறவங்க முதல்ல அருவியைப் பார்க்க மாட்டாங்க. ரெண்டு கையையும் இடுப்புல ஊன்றி, பின்னாடி வளைஞ்சு, "குறுக்கு ஒடிஞ்சு போச்சு"ன்னு ஒரு சத்தம். அப்புறம்தான் எண்ணெய், மசாஜ், குளியல் எல்லாம்.

(எங்க பக்கத்துல குறுக்குன்னா அடிமுதுகு. தலைப்புல இருக்கற குறுக்கும் அதேதான் :-))

இந்த வலிக்கு ஒரு பெரிய வரலாறே இருக்கு மக்களே. அதை மாட்டு வண்டியிலிருந்து ஆரம்பிக்கணும்.

செங்கோட்டை - புனலூர் மலை ரயில்பாதை 1904ல்தான் வந்தது. அதுக்கு முன்னாடி ஆரியங்காவு கணவாயைத் தாண்டணும்னா நடை, இல்லேன்னா மாட்டு வண்டி. வண்டியில வைக்கோலைப் பரப்பி மேலே ஜமுக்காளம் விரிச்சா அதுதான் சீட். இறுக்கமான சக்கரம், கல்லு ரோடு... வைக்கோல் எவ்வளவு நேரம் தாங்கும்? கொஞ்ச தூரத்துல அமுங்கிப் போய், பலகை குத்த ஆரம்பிச்சிடும்.

இதுக்கு வந்த பதில்தான் வில். லண்டன்ல ஒபதயா எலியட் 1804ல் வண்டிகளுக்கான எலிப்டிக் ஸ்பிரிங்குக்கு பேடன்ட் வாங்கினார். வளைஞ்ச இரும்புப் பட்டைகளை அடுக்கி அச்சுக்கும் வண்டிக்கும் நடுவுல வைக்கிறது. நம்ம ஆளுங்க அதைப் பார்த்ததும் பேர் வச்சாங்க பாருங்க - வில்வண்டி! சொகுசு எங்கே இருக்குன்னு அந்தப் பேரே சொல்லுது. மெத்தை வண்டின்னு வைக்கலை, வில்வண்டின்னுதான் வச்சாங்க. மூணாவதா 1888ல் டன்லப் காற்றடைச்ச டயருக்கு பேடன்ட் வாங்கினார்.

ஆக மொத்தம் மூணே விஷயம். வைக்கோல், வில், காற்று. இன்னிக்கு ஸ்கூட்டர்ல ஸ்பாஞ்ச், ஷாக் அப்சார்பர், டயர்னு சொல்றோம். பேர்தான் மாறியிருக்கு.

அடுத்தது சேணம். பர்மிங்ஹாம் பக்கத்து புரூக்ஸ்ங்கிற தோல் வியாபாரி, குதிரை செத்துப் போனதால சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சு, சீட் கடுத்ததால 1882ல் தோல் சீட்டுக்கு பேடன்ட் வாங்கினார்னு அந்தக் கம்பெனி சொல்ற கதை. தோலை இழுத்துக் கட்டி, அடியில சுருள் ஸ்பிரிங் வைக்கிற அந்தக் குடும்பத்து சீட்தான் நம்ம ஊர் சைக்கிள்லயும் வந்தது, முதல் தலைமுறை ஸ்கூட்டர்கள்லயும் வந்தது.

ஸ்கூட்டருக்கு வருவோம். 1946ல் இத்தாலியில பியாஜியோ கம்பெனிக்காக வெஸ்பாவை வடிவமைச்சவர் கொர்ராதீனோ தஸ்கானியோ. ஹெலிகாப்டர் கட்டின மனுஷன். அவருக்கு மோட்டார் சைக்கிள்னாலே ஆகாது. காலை அகட்டி உட்காரக்கூடாது, துணியில கிரீஸ் படக்கூடாது, நாற்காலியில உட்கார்ற மாதிரி இருக்கணும்னு நினைச்சார். நினைச்சதைச் செஞ்சும் காட்டினார். அங்கேதான் நம்ம குறுக்கு மாட்டிக்கிச்சு!

எப்படின்னா, மோட்டார் சைக்கிள்ல கால் வைக்கிற இடம் உடம்புக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே இருக்கும். பள்ளம் வந்தா காலை ஊன்றி லேசா எழும்பிக்கலாம். ஸ்கூட்டர்ல கால் முன்னாடி பலகை மேலே. எழும்ப வழியில்லை. அடி நேரா முதுகெலும்புக்குப் போகும். போதாக்குறைக்குச் சின்ன சக்கரம். ஆரம்பகால வெஸ்பாவுல 8 இன்ச், சேத்தக்ல 10 இன்ச். சக்கரம் சின்னதா இருந்தா பள்ளத்துக்குள்ள ஆழமா இறங்கும். இப்போ பல ஸ்கூட்டர்கள் 12 இன்ச்சுக்கு வந்ததுல ஓட்டுறவங்களுக்குக் கிடைச்ச நிம்மதி கொஞ்ச நஞ்சமில்லை.

அப்போ சீட்டுல ஸ்பாஞ்சை ஏத்தினா சரியாயிடுமா? குஷன் கடைக்காரர் சந்தோஷப்படுவார், அவ்வளவுதான். உட்கார்ந்திருக்கற உடம்பு வினாடிக்கு 4லிருந்து 6 தடவை மேலும் கீழுமா ஆடுற ஆட்டத்துக்குத்தான் அதிகமா ஒத்து ஆடும். வெறும் ஸ்பிரிங் தூக்கித் தூக்கிப் போடும். அதை அடக்கத்தான் ஷாக் அப்சார்பர்ல எண்ணெய். அந்த எண்ணெய் கசிஞ்சு போன வண்டியில மெத்தையே விரிச்சாலும் அது வைக்கோல் கதைதான். நீளப் பயணத்துக்கு முன்னாடி முதல்ல ஷாக், அடுத்தது டயர் காற்று, கடைசியாத்தான் சீட்டு. ஒரு மணிக்கு ஒரு தடவை இறங்கி அஞ்சு நிமிஷம் நடந்தா அது எந்த சீட்டையும் விட நல்ல சீட்டு.

இதுவரைக்கும் பேசினதெல்லாம் ஓட்டுறவர் குறுக்கு. பின்னாடி உட்கார்ந்து வந்தவங்க?

பஸ்ல கடைசி சீட் ஞாபகம் இருக்குல்ல? பின் சக்கரத்துக்கு மேலயும் பின்னாடியும் இருக்கறவனைத்தான் வண்டி தூக்கி அடிக்கும். ஸ்கூட்டர்லயும் ஓட்டுறவர் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல, பின்னாடி இருக்கறவங்க கிட்டத்தட்ட பின் சக்கரத்து மேலே. அதோட வெஸ்பா வகையில இன்ஜினும் பின் சக்கரத்தோட சேர்ந்தே குதிக்கும். அந்தக் கனம் குதிக்கிற குதியை ஷாக் முழுசா விழுங்காது.

பஜாஜ் 1960களின் தொடக்கத்துல வெஸ்பாவை லைசென்ஸ்ல செய்ய ஆரம்பிச்சது. 1971ல் ஒப்பந்தம் முடிஞ்சது. 1972ல் மகாராணா பிரதாப்பின் குதிரைப் பேரில் சேத்தக். அந்தக் காலத்து வண்டிகள்ல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு தனித்தனி சீட். பின்னாடி இருக்கறவங்களுக்கும் தனி ஸ்பிரிங், பிடிச்சுக்க ஒரு கைப்பிடி. அப்புறம் நீளமான ஒரே சீட் வந்தது. புருஷன், பெண்டாட்டி, நடுவுல ஒரு குழந்தை, முன்னாடி நின்னுக்கிட்டு ஒண்ணு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுறவரைத் தவிர ஒருத்தர்தான்னு சொல்லுது. நம்ம நீள சீட்டு அதைக் காதுலயே போட்டுக்கலை.

1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல பின்னாடி இருக்கறவங்களுக்குக் கைப்பிடி வேணும், கால் வைக்க இடம் வேணும், துணி சக்கரத்துல சிக்காம பாதிச் சக்கரத்தையாவது மறைக்கணும்னு இருக்கு. சேலை கார்டு அப்படித்தான் வந்தது. உயிரைக் காப்பாத்துற விதி, குறை சொல்லலை. ஆனா குறுக்கு?

ஐரோப்பாவுல பெண்கள் குதிரையில ஒரு பக்கமா உட்கார்ந்தப்போ அதுக்குன்னே தனிச் சேணம் செஞ்சாங்க, தொடையைக் கொக்கி போட்டுக்கக் கொம்பெல்லாம் வச்சு. சேலை கட்டின நம்ம அம்மா, அத்தை, சித்தியெல்லாம் ஒரு பக்கமா உட்கார்ந்து, இடுப்பைத் திருகி, மடியில பிள்ளையோட ஐம்பது கிலோமீட்டர் வந்தாங்க. அவங்களுக்குக் கிடைச்சது நேரா உட்கார்றவங்களுக்கான அதே சீட்டும், பக்கத்துல கால் வைக்க ஒரு தட்டும். "குறுக்கு ஒடிஞ்சு போச்சு"ன்னு சத்தம் போட்டது முன்னாடி இருந்தவர்தான். பின்னாடி இருந்தவங்க இறங்கின உடனே துண்டையும் சீயக்காயையும் எடுத்து வைக்கப் போயிட்டாங்க.

இதுக்குத் தீர்வு எந்த இன்ஜினியரும் கொடுக்கலை. அவங்களே கண்டுபிடிச்சாங்க. 1984ல் கியர் இல்லாம, பட்டனைத் தட்டினா கிளம்புற கைனடிக் ஹோண்டா வந்தது. 1990களில் டிவிஎஸ் ஸ்கூட்டி, 2001ல் ஆக்டிவா. வேலைக்குப் போற பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரைக்கும் மானியம் கொடுக்கற அரசுத் திட்டம் 2018 பிப்ரவரியில சென்னையில தொடங்கினப்போ, அது ஏற்கெனவே நடந்துக்கிட்டிருந்த ஒரு மாற்றத்துக்குப் பின்னாடிதான் வந்தது. பின் சீட்டை மாத்தித் தருவாங்கன்னு காத்திருக்காம, முன் சீட்டுக்கு மாறிட்டாங்க.

இன்னும் பின்னாடியே உட்கார்ந்து வர்றவங்க நிறைய பேர் இருக்காங்க. அடுத்த சீசனுக்குக் கிளம்புற அண்ணாச்சிமாருக்கு ஒரே வேண்டுகோள்: புது சீட் கவர் வாங்குறதுக்கு முன்னாடி யாரையாவது ஓட்டச் சொல்லி, பாவூர்சத்திரத்துலேருந்து தென்காசி வரைக்கும் பின் சீட்டுல ஒரு பக்கமா உட்கார்ந்து வந்து பாருங்க. வண்டியை எங்கெங்க நிறுத்தணும்னு அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்க வீட்டுல முதல் ஸ்கூட்டர் எது, பின் சீட்டு யாரோடது? சொல்லிட்டுப் போங்களேன்.