அபார்ட்மென்ட் எஸ்டிபி-யில் புளோயரை நிறுத்தினால் என்ன ஆகும்?

கரன்ட் பில் எகிறினால், பல அபார்ட்மென்ட்களில் முதலில் கை போவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின், அதாவது எஸ்டிபி-யின், புளோயர் சுவிட்சுக்குத்தான். ராத்திரி யார் பார்க்கப் போறாங்கன்னு ஆஃப் செய்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே நிஜமாக வேலை பார்ப்பது மெஷின் இல்லை, பாக்டீரியா.

கழிவுநீரில் இருக்கும் மலம், உணவு மிச்சம் போன்றவற்றைத் தின்று இவை பெருகுகின்றன. அதற்கு லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் ஆக்சிஜன் தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும். அதைத்தான் புளோயர் ஊதித் தருகிறது. அடுத்த தொட்டியில் பாக்டீரியா சேறாகப் படிய, தெளிந்த நீர் மேலே வழிந்து போகும். சேற்றில் ஒரு பங்கு மறுபடி முதல் தொட்டிக்கே திரும்பும். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் அறிவித்த முறை இது.

காற்று நின்றால், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கை ஓங்கும். அவை விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘வாடை போயிடுச்சு’ என்று இறங்குபவர் நொடிகளில் மயங்கி விழலாம், காப்பாற்ற இறங்குபவரும்தான். பாதுகாப்புக் கவசமின்றி சாக்கடை, செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சுவிட்சைப் போட்டதும் எல்லாம் சரியாகிவிடாது. பாக்டீரியா செத்திருந்தால், நன்றாக ஓடும் வேறு எஸ்டிபி-யிலிருந்து சேறு கொண்டுவந்து ஊற்ற வேண்டும்; சாணம் கரைத்து ஊற்றுபவர்களும் உண்டு. அதன் பிறகும் தண்ணீர் தெளிய வாரக்கணக்கில் ஆகலாம்.