மருத்துவம் பார்க்க அனுமதி கேட்ட பெண்கள்



பிப்ரவரி 11, தூய லூர்து அன்னையின் திருநாள். 1993 முதல் இந்நாளை உலக நோயாளர் நாளாகவும் நாம் சிறப்பித்து வருகிறோம். அருள்சகோதரி ஒருவர் மருத்துவராக இருப்பதைக் கண்டு இன்று நாம் வியப்பதில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, துறவியர் மருத்துவராகத் தொழில்புரியத் திருஅவைச் சட்டம் இடம் தரவில்லை. பிரசவம் பார்ப்பது கன்னியர் வாழ்வுக்குப் பொருந்தாது என்று கருதப்பட்டது.

அந்தத் தடையின் விலையைக் கொடுத்தவர்கள் ஏழைத் தாய்மார்கள். இன்றைய பாகிஸ்தானின் இராவல்பிண்டியில், முக்காடிட்டு வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்டமாட்டார்கள். பெண் மருத்துவரோ இல்லை. பேறுகாலத்தில் தாயும் சேயும் இறந்தார்கள்.

இதைக் கண்டு கலங்கியவர் ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன். அறுபது வயதையொட்டிக் கத்தோலிக்கரானவர். எழுபதைக் கடந்த வயதில் இராவல்பிண்டிக்கே பயணம் செய்தார். அங்கே பெண்களுக்கென மருத்துவமனை எழக் காரணமானார். சகோதரிகள் மருத்துவம் செய்ய அனுமதி வேண்டி உரோமையில் பலமுறை மன்றாடினார். அனுமதியைக் காணாமலே 1913-இல் இறந்தார்.

ஆனால் விதை முளைத்தது. 1915-இல், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், மேரி குளோரி என்ற மருத்துவர் ஆக்னஸ் பற்றிய ஒரு சிறு பிரசுரத்தைப் படித்தார். நல்ல வருமானம் தந்த தொழிலை விட்டு, 1920-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு வந்து, இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் அவருக்குத் தனி அனுமதி அளித்தார். உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்து கலக்கவும் பிரசவம் பார்க்கவும் அவர் பயிற்சி கொடுத்தார். தாம் ஒருவரே எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும் என்பது அவருக்குத் தெரியும்.

அதே 1920-இல், ஆக்னஸோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல் மருத்துவராகி இராவல்பிண்டி சேர்ந்தார். 1925-இல் மருத்துவப் பணிக்கென்றே ஒரு சபையைத் தொடங்கினார். முதல் உறுப்பினர்கள் நால்வர். இறுதியில், 1936 பிப்ரவரி 11 அன்று, உரோமை தடையை நீக்கி, சகோதரிகள் மருத்துவமும் பேறுகாலப் பணியும் கற்க ஊக்கமளித்தது.

1943-இல் மேரி குளோரி தொடங்கிய இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் அமைப்பில் இன்று 3,500-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இணைந்துள்ளன. பலவும் பேருந்து எளிதில் போகாத ஊர்களில் இருக்கின்றன.

ஓய்வுநாளில் சூம்பிய கையைக் குணமாக்கிய நம் ஆண்டவர், சட்டம் மனிதருக்காகவே என்று காட்டினார். இப்பெண்கள் திருஅவையை விட்டு விலகவுமில்லை, வாய்மூடி இருக்கவுமில்லை. பணிந்து கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள்.

நம் பங்கிலும் செவிலியர் படிப்பு படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல சம்பளம் தேடுவது தவறன்று. வீட்டுக் கடனை நாம் அறிவோம். ஆயினும், ஓராண்டேனும் ஒரு மலைக்கிராமத்திற்குப் போய் வரலாமா என்று அவர்கள் கேட்டால், பெற்றோராகிய நாம் தடுக்காமல் அனுப்பி வைப்போம். அந்த மனதை இறைவனிடம் கேட்போம். ஆமென்.