தூண்டிலும் தோழமையும்



மாரி மழை ஓய்ந்து குளங்கள் நிரம்பிக் கிடக்கும் நாள்களிலே, பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகங்களை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, மூங்கிற் கழியொன்றில் நூலும் மயிலிறகுத் தண்டும் கட்டிக்கொண்டு, தோழர் இருவர் மூவரோடு குளக்கட்டில் அமர்ந்திருந்த அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. விரால் அகப்பட்ட நாள்கள் சில. வெறுங்கையோடு திரும்பிய நாள்களோ பல. ஆயினும் அரை நூற்றாண்டு கழிந்த பின்னர் நினைவில் எஞ்சி நிற்பது மீனன்று. பக்கத்தில் இருந்தவன் பேசிய பேச்சே. இந்தச் சிறு உண்மையைத் தன் உயிராகக் கொண்டு, 350 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் ஆங்கில நூல் ஒன்றுண்டு. அந்நூலையும், அது பிறந்த கலகக் காலத்தையும் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

நூலின் ஆசிரியர் ஐசாக் வோல்டன். 1593ஆம் ஆண்டு ஸ்டாபட் நகரிலே பிறந்தவர். இளமையில் இலண்டன் மாநகரை அடைந்து, 1618இல் இரும்பு வணிகர் சங்கத்தில் உறுப்புரிமை பெற்றுத் துணி வணிகம் நடத்தியவர். பல்கலைக்கழகப் படிகளை மிதித்தவரல்லர். எனினும் கவிஞரும் சமய குருவுமாகிய ஜோன் டன், ஈற்றன் கல்லூரித் தலைவர் சேர் ஹென்றி வொட்டன் முதலிய அறிஞர்கள் அவருக்கு நண்பராயினர். வொட்டனோடு அவர் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரைகளில் அமர்ந்த நாள்கள் பல. இத்தகைய இனிய நட்பு வாய்த்த அவருக்கு இல்லறம் பெருந்துயரையே தந்தது. முதல் மனைவி பெற்ற பிள்ளைகள் எழுவரும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். 1640இல் அம்மனைவியும் மறைந்தார்.

வீட்டில் விழுந்த இடியைத் தொடர்ந்து நாட்டிலும் இடி விழுந்தது. 1642இல் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. 1649இல் முதலாம் சாள்ஸ் மன்னர் மரண தண்டனைக்கு உள்ளானார். மன்னரையும் பழைய திருச்சபையையும் சார்ந்து நின்ற வோல்டனின் நண்பர்கள் சிதறுண்டனர். ஜோர்ஜ் மோர்லி என்னும் குரு நாட்டைவிட்டு வெளியேறினார். றொபேட் சான்டர்சன் ஒக்ஸ்போட்டில் வகித்த பேராசிரியர் பதவியை இழந்தார். 1651 செப்டெம்பரில் வூஸ்டர்ப் போரிலே தோற்று ஓடிய இரண்டாம் சாள்ஸின் அரச அணிகலன் ஒன்று எதிரிகள் கையில் அகப்படாது மறைத்து வைக்கப்பட்டது. அதனை ஸ்டாபட்டிலிருந்து இலண்டனுக்கு இரகசியமாகக் கொண்டு சென்று, கோட்டையிற் சிறைப்பட்டிருந்த கேணல் பிளேக்கிடம் சேர்ப்பித்தவர் 58 வயதான இந்தத் துணி வணிகரே. பிடிபட்டிருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வாறு உயிரைப் பணயம் வைத்தவர், இரண்டு ஆண்டுகளுக்குள், 1653இல், மீன்பிடித்தலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'நிறைவுற்ற தூண்டிற்காரன்' என்று நாம் அதன் பெயரைத் தமிழில் வழங்கலாம். கிறொம்வெல் பாராளுமன்றத்தைக் கலைத்து நாட்டின் காவலராகப் பதவியேற்றதும் அதே ஆண்டில்தான். இலண்டனுக்கு வடக்கே லீ ஆற்றுக்கு அண்மையில், மே மாதக் காலைப் பொழுதில், ஒரு தூண்டிற்காரனும் ஒரு வழிப்போக்கனும் சந்திக்கின்றனர். இருவரும் நடக்கின்றனர், மீன் பிடிக்கின்றனர், மழைக்கு மரநிழலில் ஒதுங்குகின்றனர், மாலையில் விடுதியிலே உண்டு பாடுகின்றனர். போரைப் பற்றி விரித்துப் பேசுவார் எவருமிலர். அந்த மௌனமே அக்கால வாசகர்க்கு அருமருந்தாயிற்று என்று கருதுகிறேன். போரைக் கண்ட நாட்டிலே வாழும் நமக்கு அந்த மௌனத்தின் பொருள் விளங்காமற் போகாது.

இனி, அவர்கள் கையாண்ட கருவிகளைச் சற்றுப் பார்ப்போம். இன்று நாம் தங்கூசி என்று சொல்லும் நைலோன் இழை 1938க்குப் பிற்பட்டது. வோல்டன் காலத்துத் தூண்டிற் கயிறு குதிரைவாலின் மயிரைத் திரித்துச் செய்யப்பட்டது. உருட்சியும் தெளிவும் உள்ள மயிராகத் தேர்ந்தெடுத்து, ஒன்று தளர்ந்து மற்றொன்று இறுகிவிடாது சமமாகத் திரிக்கவேண்டும் என்கிறார் அவர். நீரின் நிறத்தோடு நிறமாய்க் கலந்து மீனின் கண்ணுக்குத் தோன்றாதிருக்க, பார்லியில் வடித்த மதுவிலே புகைக்கரி, படிகாரம், அக்குறோட்டு இலைச்சாறு ஆகியவற்றைக் கலந்து காய்ச்சி, அதில் மயிரைத் தோய்த்துச் சாயமேற்றும் முறையையும் கூறுகிறார். கயிற்றைச் சுற்றும் சக்கரத்தை 1651இல் தோமஸ் பாக்கர் என்னும் சமையற்காரர் தமது நூலிலே குறிப்பிட்டிருந்தபோதிலும், அது அந்நாளிற் புதுமையாகவே இருந்தது. பெரும்பாலோர் கோலின் நுனியிலேயே கயிற்றைக் கட்டினர். ஆகவே பெரிய மீனொன்று கொளுவிக்கொண்டு இழுத்தோடினால் விடுவதற்கு மேலதிகக் கயிறு இராது. அப்பொழுது என்செய்வது? கோலையே ஆற்றில் எறிந்துவிடு. மீன் அதனை இழுத்திழுத்துக் களைத்த பின்னர் எடுத்துக்கொள் என்பது வோல்டனின் அறிவுரை!

நூலிற் குறைகளும் உண்டு. ஆற்றுக் களைகளிலிருந்தே பைக் என்னும் கொடிய மீன் தோன்றுகிறது என்ற பழங்கொள்கையை வோல்டன் ஏற்று எழுதினார். றிச்சட் பிராங் என்பவர், கிறொம்வெல்லின் படையில் இருந்த தூண்டிற்காரர், இதற்காக அவரைக் கடுமையாகச் சாடினார். பிராங் கூறியது சரியே. மற்றொரு குறையை வரலாறு மிகப் பிந்தியே வெளிப்படுத்தியது. 1577இல் அச்சிடப்பட்ட ஒரு சிறு நூலின் எஞ்சிய ஒரே பிரதி 1954இல் கண்டெடுக்கப்பட்டு, 1956இல் பிறின்ஸ்ரனில் மறுபதிப்பாயிற்று. அதிலும் தூண்டிற்காரனும் வழிப்போக்கனுமே உரையாடுகின்றனர். பாத்திரப் பெயர்களும் வோல்டனின் முதற் பதிப்பிலுள்ள பெயர்களே. வோல்டன் அதனைப் பார்த்தே தம் நூலின் கட்டமைப்பை வகுத்தார் என்று பலர் கொள்கின்றனர். கொள்ளலாம். ஆனால் சட்டத்தைக் கடன் வாங்கலாம். அதனுள் உலவும் தென்றலைக் கடன் வாங்க முடியாது.

முதுமையிலே வோல்டனுக்கு வாய்த்த நண்பர் சாள்ஸ் கொட்டன். 1630இல் பிறந்த இவர் வோல்டனுக்கு 37 வயது இளையவர், கவிஞர், டவ் ஆற்றங்கரையிலுள்ள பெரஸ்போட் மாளிகையின் உரிமையாளர், தீராக் கடனாளி. வோல்டனோ சிக்கனமும் பக்தியும் நிறைந்த வணிகர். இயல்பால் வேறுபட்ட இவ்விருவரையும் தூண்டில் இணைத்தது. கொட்டன் தம் நூலில் வோல்டனைத் தந்தை என்றே அழைக்கிறார். 1674இல் அவர் ஆற்றின் அருகே கல்லால் ஒரு சிறு மீன்பிடி இல்லம் கட்டுவித்தார். வாயிலின் மேல், மீன்பிடிப்போர்க்கு உரிய புனித இடம் இது என்னும் பொருளில் இலத்தீன் தொடரையும், தம் பெயரின் முதலெழுத்துகளையும் வோல்டனின் முதலெழுத்துகளையும் ஒன்றோடொன்று பின்னிப் பொறித்த சின்னத்தையும் அமைத்தார். அச்சின்னம் கல்லில் வெட்டப்பட்டிருந்ததை வோல்டன் கண்டிருந்தார்; ஆயின் அவர் வந்திருந்தபோது கட்டடம் வாயில் வளைவின் உயரத்துக்கும் எழும்பியிருக்கவில்லை.

1676இல் வோல்டனின் நூல் ஐந்தாம் பதிப்புக்கு ஆயத்தமாயிற்று. போலி ஈயைக் கொண்டு தெளிந்த நீரில் டிரவுட் மீனைப் பிடிக்கும் கலையில் வோல்டன் வல்லுநரல்லர். மண்புழுவும் மிதப்பும் அவருக்குப் பழகியவை. அக்குறையை நிரப்ப, கொட்டன் ஏறக்குறையப் பத்து நாள்களில் இரண்டாம் பாகத்தை எழுதி முடித்தார். பன்னிரண்டு துண்டுகள்வரை நூலாலும் பட்டாலும் இறுகக் கட்டிய, 15 முதல் 18 அடி வரை நீண்ட யோக்ஷயர்க் கோலை அவர் புகழ்கிறார். தூண்டில் முள்ளை அடுத்து இரண்டே மயிர். மேலே செல்லச் செல்ல மூன்று, நான்கு என்று ஏழுவரை பெருகிவரும் கயிறு. அந்த இரு மயிரிலே 20 அங்குல மீனைக் கரை சேர்க்க முடியாதவன் தூண்டிற்காரன் அல்லன் என்பது அவர் துணிபு.

அந்தப் பதிப்பிலே மூன்றாவது நூலொன்றும் சேர்த்துக் கட்டப்பட்டது. அதனை எழுதியவர் றொபேட் வெனபிள்ஸ். யார் இவர்? பாராளுமன்றப் படையின் தளபதி. 1655இல் கிறொம்வெல்லின் கட்டளைப்படி சென்று ஜமேக்காவைக் கைப்பற்றியவர். இவருடைய நூல் 1662இல் முதன்முதல் வெளிவந்தபோதே, முன்பின் அறியாத அவருக்கு வோல்டன் பாராட்டுரை எழுதியிருந்தார். மன்னரின் அணிகலனை மடியில் மறைத்துச் சென்றவரும், மன்னரின் தலையைக் கொய்த கட்சியின் தளபதியும் ஒரே அட்டைக்குள் அடுத்தடுத்து அமர்ந்தனர்! போர் முடிந்து கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. எந்த உடன்படிக்கையும் இவ்விருவரையும் அருகருகே இருத்தவில்லை. ஆற்றைப் பற்றிய அறிவே இருத்திற்று.

நேயர்களே, பின்னாளில் கருவிகள் மாறின. குதிரைமயிருக்குப் பதிலாகப் பட்டுப்புழுவின் நரம்பு வந்தது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர் பிளந்தொட்டிய மூங்கிற் கோலைச் செம்மைப்படுத்தினர்; பின்னர்க் கண்ணாடி நாரும் நைலோனும் வந்தன. அப்பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்திலே ஆங்கிலேயர் டிரவுட் மீனை நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளுக்கும் கொண்டுவந்து விட்டனர். எனினும் இன்றும் பழைய மூங்கிற் கோலையும் பித்தளைச் சக்கரத்தையும் துடைத்து எடுத்துக்கொண்டு, நண்பர் சிலரோடு ஆற்றுக்குச் செல்வோர் பல நாடுகளில் உள்ளனர். மிகுதியான மீனை விரும்பிய செயலன்று அது. தாமதத்தை விரும்பிய செயல். தாமதம் இருக்குமிடத்திலேதான் பேச்சு இருக்கும்.

கொட்டன் கடன் தொல்லையால் 1681இல் பெரஸ்போட்டை விற்றார். வோல்டன் 1683 டிசெம்பரில், 90 வயதில், வின்செஸ்டரில் மறைந்தார். மாளிகை பின்னர் இடிக்கப்பட்டது. மீன்பிடி இல்லமோ இன்றும் நிற்கிறது. 1676 ஏப்பிரலிலே வோல்டன் கொட்டனுக்கு எழுதிய கடிதம் ஒன்று அந்நூலிற் பதிக்கப்பட்டுள்ளது. எமக்கிடையே நூறு மைலுக்கு மேற்பட்ட தூரம்; எனக்கோ 83ஆம் வயது; ஆயினும் இரண்டையும் மறந்து அடுத்த மாதம் உம்மிடம் புறப்படுவேன் என்பது அதன் கருத்து. பிள்ளைகள் எழுவரைப் புதைத்து, ஒரு போரையும் கடந்து வந்த முதியவர், ஆற்றங்கரையில் தமக்காகக் காத்திருக்கும் ஒருவனுக்கு எழுதிய வார்த்தை அது. அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.