பன்னீர் திராட்சை பிரெஞ்சுக்காரரா?

எங்க நரிக்குடிப் பக்கம் திராட்சைப் பந்தலை சினிமாலதான் பார்க்கணும். கண்மாய் பெருகினா நெல்லு, இல்லாட்டி மிளகா, பருத்தி, அதுவும் இல்லாட்டி கரிமூட்டம் போட சீமைக்கருவை. ஆனா கருப்பா, கொட்டையோட, வாசமா இருக்குற பன்னீர் திராட்சை இங்கயும் தள்ளுவண்டியில வரும். அதோட சொந்த ஊர் கம்பம்.

அதைப் பத்திப் பேச்செடுத்தா கூடவே ஒரு கதையும் வரும்: 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்தாராம். 2023-ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்பவும் பேப்பர்ல இதேதான். தோட்டக்கலைப் புத்தகங்கள்ல மதுரைப் பக்கம் மைக்கேல்பட்டின்னு ஊர்ப் பேரும் இருக்கு. காரணமும் நம்புற மாதிரிதான் இருக்கு. பூசைக்குத் திராட்சை ரசம்தான் வேணும், வேற பழச்சாறு செல்லாதுங்கறது கத்தோலிக்கத் திருச்சபை விதி.

இடிக்கிறது வருஷம்தான்.

பன்னீர் திராட்சையோட ஒரிஜினல் பேரு மஸ்கட் ஹாம்பர்க். பேர்ல ஜெர்மனி இருந்தாலும் பிறந்தது இங்கிலாந்து. பெட்ஃபோர்ட்ஷயர்ல ரெஸ்ட் பார்க்னு ஒரு பெரிய பங்களா, அங்க தோட்டக்காரரா இருந்த ஸ்னோங்கறவர் 1850 வாக்குல உருவாக்கின கலப்பினம் இது. பெத்தவங்க பிளாக் ஹாம்பர்க்கும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவும். 2003-ல வந்த டிஎன்ஏ ஆய்வும் இந்த ஜோடியை உறுதி பண்ணிடுச்சு.

அப்போ 1832-ல இந்தச் செடி உலகத்துலயே கிடையாது! பாதிரியார் கொடி கொண்டு வந்திருந்தா அது வேற ரகம். பன்னீர் பின்னால வந்து சேர்ந்தது. ரெண்டு வரவையும் நாம ஒரே கதையா முடிச்சுப் போட்டுட்டோம்.

பிரான்சோட அசல் ரெட் ஒயின் ரகம்னா கேபர்னே சாவினியோன், மெர்லோ, மால்பெக் இதெல்லாம். மஸ்கட் ஹாம்பர்க்கை அங்க பெரும்பாலும் சாப்பிடத்தான் வளர்க்கறாங்க. வான்டூ மலையடிவாரத்துல விளையறதுக்கு 1997-ல நம்ம புவிசார் குறியீடு மாதிரியே ஒரு அந்தஸ்தும் கொடுத்தாங்க. ஆனா குளிர்காலத்துல கொடி தூங்கிடும், வருஷத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்துல அந்தத் தூக்கமே கிடையாது. எப்ப கவாத்து பண்றோமோ அதுக்குத் தக்கபடி காய்க்கும். அதனால வருஷம் பூரா எங்கயாவது ஒரு பந்தல்ல பழம் இருக்கும்.

இதுக்குப் பின்னாடி 1895-ல திறந்த முல்லைப் பெரியாறு அணையோட தண்ணியும் இருக்கு, கவாத்துக் கத்தி பிடிச்ச சுருளிப்பட்டி, கூடலூர், காமயகவுண்டன்பட்டி சம்சாரிகளோட உழைப்பும் இருக்கு. வெயிலு எங்க ஊருக்கும்தான் அடிக்குது, தண்ணிதான் இல்லை.

இவ்வளவு பேரோட பாட்டை ஒத்தைப் பாதிரியார் கணக்குல எழுதறதுதான் எனக்கு உறுத்துது. அவருக்கு உண்டான மரியாதை அவருக்கு இருக்கட்டும். ஆனா பன்னீரோட வரலாறுன்னு எழுதும்போது கம்பத்துக்காரங்க முதல் வரியில வரணும்.

மதுரை, திண்டுக்கல் பக்கத்துப் பழைய பங்குக் கோயில் குறிப்பேடுகள்ல திராட்சைக் கொடி பத்தி ஒரு வரி கண்ணுல பட்டாலும் சொல்லுங்க மக்கா.