ஒளி அவிழ்க்கும் முடிச்சு

நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி நேர்ந்து தொழிலாளர் மடிந்தனர் என்று கேட்டால், வெடியின் வேகமும் தீயுமே அவர்களைக் கொன்றன என்று எண்ணுவது இயல்பு. 1896-ஆம் ஆண்டு ஜனவரியில் வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் 57 பேர் இறந்தபோது, ஆக்ஸ்போர்டு உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் அங்குச் சென்று சடலங்களை ஆராய்ந்தார். இறந்தவரில் பெரும்பாலோரைக் கொன்றது வெடியன்று. வெடிக்குப் பின் சுரங்கத்தில் பரவிய கார்பன் மானாக்ஸைடு வாயுவே என்று கண்டார். அந்த நச்சுக்கு இரையானவரின் மேனி வெளிறுவதில்லை. உயிருள்ளோர் போலச் சிவந்தே காணப்படும்.

இவ்வாயுவின் கொடுமைக்குக் காரணம் இரும்பின்பால் அதற்குள்ள பற்றே எனலாம். இரத்தத்திற்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். அதனுள் ஹீம் என்னும் தட்டையான மூலக்கூறுகள் நான்கு பொதிந்துள்ளன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இரும்பணு உண்டு. நாம் சுவாசிக்கும் பிராணவாயு அமர வேண்டிய ஆசனம் அது. கார்பன் மானாக்ஸைடோ பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அவ்வாசனத்தைப் பிடித்துக்கொள்கிறது. முன்பதிவு செய்த இடத்தில் வேறொருவர் அமர்ந்துகொண்டு எழ மறுக்கும் ரயில் பிரயாணத்தை நேயர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

அதே 1896-இல் ஹால்டேனும் அவருடைய நண்பர் லோரேன் ஸ்மித்தும் இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தனர். நீர் கலந்த இரத்தம் இயல்பாக மஞ்சள் சாயலுடன் இருக்கும். கார்பன் மானாக்ஸைடு ஏறிய இரத்தமோ இளஞ்சிவப்பாகத் தோன்றும். இந்நிற வேறுபாட்டையே அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர். ஆனால் காற்றும் நச்சு வாயுவும் கலந்த குப்பியைப் பிரகாசமான வெளிச்சத்தில் வைத்தால் சிவப்பு குறைந்து மஞ்சள் மிகுந்தது. இருட்டில் வைத்தால் சிவப்பு மீண்டது. வெளிச்சம் பட்டதும் இரும்பிலிருந்து கார்பன் மானாக்ஸைடு கழன்றது. காலியான இடத்தில் பிராணவாயு அமர்ந்தது. அளவைக் கெடுக்கும் இடையூறாகவே இது அவர்களுக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும். இந்த ஹால்டேனின் புதல்வரே, பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன். சிறு வயதில் தந்தையுடன் சுரங்கங்களில் இறங்கியவர் அவர்.

ஒளியால் ஒரு பிணைப்பை விடுவிக்கும் இச்செயலுக்கு மேனாட்டார் 'போட்டோலிஸிஸ்' என்று பெயரிட்டுள்ளனர். அரசாங்க ஏடுகளைத் தமிழாக்குவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொற்கள் தொல்லை தருபவை. 'ஒளிப்பகுப்பு' என்பது வழக்கில் உள்ளது, பிழையன்று. ஆயினும் 'லிஸிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அவிழ்த்தல் என்பதே மூலப்பொருள். இங்கு எதுவும் உடைபடுவதில்லை. ஒரு முடிச்சு அவிழ்கிறது, பின் தானே முடிந்துகொள்கிறது. பழைய பொருளே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இடையூறாக வந்ததைக் கருவியாக மாற்றியவர் ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க். உயிரணுக்கள் பிராணவாயுவை எவ்வாறு உபயோகிக்கின்றன என்பது அன்று பெரும் விவாதமாக இருந்தது. சுவாசத்தை நடத்தும் என்ஸைம் ஒன்றில் இரும்பு உண்டு என்று வார்பர்க் நம்பினார். ஆனால் பிரித்தெடுத்துக் காட்ட இயலாத அளவுக்கு அது அற்பமாக இருந்தது. 1926-இல் பெர்லினில் ஈஸ்ட் அணுக்களுக்குக் கார்பன் மானாக்ஸைடு கொடுத்துப் பார்த்தார். இருட்டில் அவற்றின் சுவாசம் தளர்ந்தது. விளக்கை ஏற்றியதும் உயிர்த்தெழுந்தது! பின்னர் நெகெலைன் என்பவருடன் சேர்ந்து, ஒவ்வொரு நிற ஒளியாகச் செலுத்தி, எந்நிறம் சுவாசத்தை எவ்வளவு மீட்கிறது என்று அளந்தார். மீட்கும் நிறமே அந்த என்ஸைம் விழுங்கும் நிறம் அன்றோ? பூட்டிய அறைக்குள் இருப்பவர் எந்தக் குரலுக்கு விடை சொல்கிறார் என்பதைக் கொண்டே அவர் யார் என அறிவதை இது ஒக்கும். அளவைகளை வரைபடமாக்கியபோது ஹீமுக்கு உரிய வடிவமே தோன்றியது. கண்ணால் காணாத பொருளின் நிறத்தைக் கண்டவர் என்று வார்பர்க்கைச் சொன்னால் மிகையாகாது. 1931-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த கேள்வி காலத்தைப் பற்றியது. கழன்ற வாயு எவ்வளவு விரைவில் திரும்புகிறது? 1923-இல் கேம்பிரிட்ஜில் ஹார்ட்ரிட்ஜும் ரஃப்டனும் இரு திரவங்களை வேகமாகக் கலந்து விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டினர். ஆனால் கலப்பதற்கே நேரம் பிடிக்கும். அதைவிட விரைவான மாற்றம் அம்முறைக்கு அகப்படாது. ஒளியைக் கொண்டு அவிழ்த்தால் கலக்கவே வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நாரிஷும் போர்ட்டரும் 1949-இல் மின்வெட்டு விளக்கின் ஒரு கணப் பளிச்சீட்டால் வேதியியல் மாற்றங்களைத் தொடங்கி வைக்கும் முறையை வெளியிட்டனர். 1967-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஷெஃபீல்டில் குவென்டின் கிப்ஸன் 1956-இல் அம்முறையை ஹீம் புரதங்களுக்குப் பயன்படுத்தினார்.

முறை எளிது. வாயு ஏறிய புரதக் கரைசல் சிறு கண்ணாடிக் கலத்தில் இருக்கும். பலத்த பளிச்சீடு ஒன்று முடிச்சை அவிழ்க்கும்; மெல்லிய இன்னொரு கதிர் இடைவிடாது கலத்தை ஊடுருவி நிறத்தைக் கவனிக்கும். தசையிலுள்ள மையோகுளோபின் என்னும் புரதம் வாயுவுடன் இருக்கையில் 423 நானோமீட்டர் அலைநீளத்தை மிகுதியாக உறிஞ்சுகிறது. வாயு நீங்கினால் அந்த உச்சம் ஏறத்தாழ 434-க்கு நகர்கிறது. இந்த அற்ப நகர்வை மின்னோட்டமாக்கித் திரையில் கோடாக வரைந்துவிடலாம். இத்தகைய ஆராய்ச்சிக்கு நச்சு வாயுவையே நாடுவதற்கும் காரணம் உண்டு. பிராணவாயு ஒளியால் அவ்வளவு திறமையாக விடுபடுவதில்லை. கார்பன் மானாக்ஸைடோ மையோகுளோபினில் விழுங்கப்பட்ட ஒளித்துகள் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் கழல்கிறது.

1959-இல் கிப்ஸன் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். பளிச்சீட்டால் வாயுவை இழந்த ஹீமோகுளோபின், வெறும் ஹீமோகுளோபினைவிடப் பன்மடங்கு விரைவாக வாயுவைத் திரும்பப் பற்றியது. விருந்தினர் போய்விட்டார், வீடு இன்னும் அவருக்காகவே திறந்திருக்கிறது! புரதம் தன் பழைய வடிவுக்குத் திரும்பச் சிறிது அவகாசம் தேவைப்படுகிறது என்பதே இதன் பொருள்.

இதற்குள் கெண்ட்ரூவின் குழுவினர் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு மையோகுளோபினின் வடிவத்தை வெளியிட்டிருந்தனர். அதில் ஒரு புதிர் இருந்தது. ஹீமுக்கு வாயு சென்று சேர வாயிலே காணோம்! புரதம் அசைந்து வழிவிட்டாலன்றி உயிர் வாழ்க்கையே நடவாது. அவ்வசைவை விளக்க முற்பட்டவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌதிக அறிஞர் ஹான்ஸ் பிரௌன்ஃபெல்டர். கடுங்குளிரில் உறைந்த புரதத்தில் ஒளியால் வாயுவைக் கழற்றி அது திரும்புவதை அளந்து, அவர் குழுவினர் 1975-இல் முடிவுகளை வெளியிட்டனர். எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் வாயுவைப் பற்றவில்லை. சில விரைந்தன, சில நெடுநேரம் தாமதித்தன. ஒரே புரதம் என்று நாம் கருதுவது, சிறிது சிறிது வேறுபட்ட பல வடிவங்களின் கூட்டம் என்பது புலனாயிற்று.

பிற்பட்ட கதையை விரைந்து சொல்லிவிடலாம். 1994-இல் உறைந்த படிகத்தில் கழன்ற வாயுவின் இருப்பிடம் எக்ஸ்-கதிரால் காணப்பட்டது. 1996-இல் நானோவிநாடி அளவில் படம் எடுக்கப்பட்டது. 2015-இல் கலிபோர்னியாவின் எக்ஸ்-கதிர் லேசரைக் கொண்டு, முடிச்சு அவிழ்ந்த அரைப் பிகோவிநாடிக்குள்ளாகவே புரதம் முழுவதிலும் அசைவு பரவுவதைக் கண்டனர்.

அதே 2015-இல் பாஸ்டன் நகர மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் கார்பன் மானாக்ஸைடு நச்சுற்ற சுண்டெலிகளின் நுரையீரலில் நேராகச் செவ்வொளி பாய்ச்சினர். இரத்தத்திலிருந்து நச்சு விரைவாக நீங்கியது. ஒளி பெற்றவை மிகுதியாகப் பிழைத்தன. மனிதனின் நுரையீரல் சுண்டெலியினதைவிடப் பன்மடங்கு பெரிது. அதன் ஆழத்திற்கெல்லாம் ஒளியைக் கொண்டு செல்லும் கருவியைச் செய்வதே அடுத்த வேலை.